அச்சகங்களின் வழியே ஒரு மோர்மன் யாத்திரை

நியூயார்க் மாநிலத்தின் மேற்கே, ஈரி கால்வாயை ஒட்டி இருக்கிறது பல்மைரா. அதன் பிரதான வீதியில் ஒரு நாற்சந்தி. மூலைக்கு ஒன்றாக நான்கு தேவாலயங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் செங்கல்லால் கட்டிய மூன்றடுக்குக் கடை வரிசை. எக்பர்ட் கிராண்டினின் அச்சகம் அங்கேதான் இயங்கியது. 1830 மார்ச் 26 அன்று மோர்மன் புத்தகம் அங்கே விற்பனைக்கு வந்தது. மோர்மன்கள், அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் திருச்சபையினர், அந்த அச்சகத்தைச் சீரமைத்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் யாத்திரிகருக்குக் கதை சொல்லப்படும் வரிசை ஒன்று உண்டு. முதலில், ஊருக்குத் தெற்கே உள்ள புனிதத் தோப்பு: 1820-ல், பின்னாளில் திருச்சபையை நிறுவிய பதினான்கு வயது ஜோசப் ஸ்மித்துக்குப் பிதாவும் குமாரனும் காட்சி தந்த இடம். அடுத்து குமோரா குன்று: 1823-ல் வந்த தேவதூதன், மோர்மன் புத்தகத்தின் மூலமாகச் சொல்லப்படும் பொன் தகடுகள் இருப்பதாகச் சுட்டிய இடம். கடைசியில் அச்சகம். நடந்த காலத்தின்படி இந்த வரிசை சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நம்பியவர்களுக்குச் செய்தி வந்து சேர்ந்த வரிசை இது அல்ல. அந்த வரிசையைக் கல்வெட்டுகளும் சிலைகளும் சொல்லாது. பல்மைராவிலிருந்து ஒஹையோ, மிசூரி, இல்லினாய் என்று மேற்கே நகர்ந்துகொண்டே போன இந்தச் சமூகம், தங்கிய ஊரிலெல்லாம் நடத்திய இதழ்கள்தான் சொல்லும். அந்த இதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊர்களைப் பார்த்தால், மோர்மன் நம்பிக்கை ஒரே நாளில் முழு உருவில் இறங்கியதல்ல, இதழ் இதழாகச் சேர்ந்தது என்பது தெரியும்.

கிராண்டின் அச்சகத்தின் உள்ளமைப்பே ஒரு பாடம். மேல்மாடியில் அச்சுக்கோப்பும் அச்சும், நடுமாடியில் கட்டுமானம், கீழே புத்தகக் கடை. ஒரு பாரத்துக்குப் பதினாறு பக்கம், முப்பத்தேழு பாரம் சேர்ந்து சுமார் 590 பக்கங்கள், 5,000 பிரதிகள். கூலி 3,000 டாலர். அதற்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தை அடமானம் வைத்தார். கைப்பிரதி நிறுத்தக்குறி எதுவும் இல்லாமல் வந்தது. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இட்டவர் ஜான் கில்பர்ட் என்ற அச்சுக்கோப்பாளர். வேதம் என்று அறிவிக்கப்பட்ட நூலுக்கு மூச்சு விடும் இடங்களைத் தீர்மானித்தவர் அதை நம்பாத ஒரு கூலித் தொழிலாளி. இன்னொரு வேடிக்கையும் இங்கேயே நடந்தது. ஏப்னர் கோல் என்பவர் புனைபெயரில் 'ரிஃப்ளெக்டர்' என்ற கிண்டல் பத்திரிகையை நடத்தினார்; அச்சிட்டது இதே அச்சகத்தில், ஓய்வு நேரங்களில். மோர்மன் புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1830 ஜனவரியில், அதன் பகுதிகளைக் களவாகத் தன் பத்திரிகையில் போட்டுவிட்டார் கோல். பதிப்புரிமையைக் காட்டி ஸ்மித் தடுத்தார். ஆக, மோர்மன் வேதத்தை முதலில் வெளியிட்ட இதழ் அதைக் கேலி செய்ய வந்த இதழ். அச்சுக்கும் இந்த மதத்துக்கும் உள்ள உறவு ஆரம்பத்திலிருந்தே இப்படி மல்லுக்கட்டாகத்தான் இருந்திருக்கிறது.

புனிதத் தோப்பில் இன்று நல்ல நிழல். பீச், மேப்பிள் மரங்களுக்கு நடுவே மண் பாதைகள். உலகெங்குமுள்ள மோர்மன் ஊழியர்கள் வீட்டுக் கதவைத் தட்டியதும் சொல்ல ஆரம்பிக்கும் கதை இங்கே நடந்ததுதான். அப்படியானால் ஆரம்ப இதழ்களில் இது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 1834 அக்டோபரில் ஒஹையோவின் கர்ட்லண்டில் 'மெசெஞ்சர் அண்ட் அட்வகேட்' தொடங்கியதும், திருச்சபையின் தோற்ற வரலாற்றை எட்டுக் கடிதங்களாக எழுதினார் ஆலிவர் கௌடரி. மோர்மன் புத்தகத்தை ஸ்மித் சொல்லச் சொல்லக் கையால் எழுதியவர், திருச்சபையில் ஸ்மித்துக்கு அடுத்த நிலையில் இருந்தவர். மூன்றாவது கடிதத்தில், ஸ்மித்தின் பதினைந்தாவது வயதில் அந்தப் பகுதியில் மூண்ட சமயக் கிளர்ச்சியை விவரிக்கிறார். அடுத்து காட்சி வரப்போகிறது என்று வாசகர் எதிர்பார்ப்பார். நான்காவது கடிதத்தில் திருத்தம் வருகிறது: வயது பதினைந்து அல்ல, பதினேழு, ஆண்டு 1823. உடனே கதை படுக்கையறைக்குத் தாவி, தேவதூதன் வருகையைச் சொல்கிறது. தோப்பு இல்லை, பிதா இல்லை, குமாரன் இல்லை. முதல் தலைமுறை வாசகருக்கு மோர்மன் மதத்தின் தொடக்கம் தேவதூதனும் புத்தகமும்தான்.

இதற்குப் பதில் சொல்பவர்கள் லேசானவர்கள் அல்லர். அச்சில் இல்லை என்பதால் நடக்கவே இல்லை என்றாகிவிடாது என்பார்கள். சரிதான். 1832-ல் ஸ்மித் தன் கையாலும் எழுத்தர் கையாலும் எழுதிய ஒரு வரலாற்றுக் குறிப்பில் இளம்வயதுக் காட்சி இருக்கிறது. அதில் அவர் தன் பாவ மன்னிப்பைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார். 1835 நாட்குறிப்பிலும் இருக்கிறது. எனவே அந்தக் கதை 1838-ல் திடீரென்று புனையப்பட்டது என்ற பழைய குற்றச்சாட்டு நிற்காது. நான் சொல்வது வேறு. அந்த 1832 குறிப்பு 1965 வரை அச்சேறவில்லை. தோப்புக் காட்சியை முதலில் அச்சில் கொடுத்தது 1840-ல் எடின்பரோவில் ஆர்சன் பிராட் வெளியிட்ட ஒரு சிறு பிரசுரம், அதுவும் அட்லாண்டிக்குக்கு அப்பால். ஸ்மித்தின் சொந்தக் கதையாக அமெரிக்க மோர்மன் இதழ் ஒன்றில் அது வந்தது 1842 மார்ச், ஏப்ரலில், நாவூ நகரத்து 'டைம்ஸ் அண்ட் சீசன்ஸ்' இதழில். அதற்குள் திருச்சபை தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. வீட்டை விற்று, மிசூரியில் அடிபட்டு, பிள்ளைகளைப் புதைத்த ஆயிரக்கணக்கானோர் தோப்பைப் பற்றிப் படிக்காமலே அத்தனையையும் தாங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருந்தது எது என்று புரிய வேண்டுமானால் தோப்பில் தேடிப் பயனில்லை.

குமோரா குன்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உச்சியில் 1935-ல் நிறுவிய தூண். அதன் மேல் பொன்னிறத்தில் மொரோனி என்ற தேவதூதன். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோடையில் நடந்த மாபெரும் நாடகம் 2019-க்குப் பிறகு நின்றுபோயிற்று. சரிவில் மீண்டும் மரங்கள் வளர்கின்றன. மொரோனியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

கர்ட்லண்டுக்கு இங்கிருந்து மேற்கே சுமார் 400 கிலோமீட்டர். பெரும்பகுதி வழி ஏரி ஓரமாகப் போகும் நெடுஞ்சாலை. 1836-ல் பிரதிஷ்டை செய்த ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. நீண்ட காலம் மற்றொரு பிரிவினரின் கையில் இருந்து, 2024-ல்தான் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் திருச்சபைக்கு விலைக்குக் கைமாறியது. ஆலயத்தை ஒட்டி நின்ற அச்சகமோ 1838 ஜனவரியில் எரிந்துபோனது. ஆனால் முதல் மோர்மன் இதழைத் தேட இன்னும் மேற்கே, மிசூரியின் இண்டிபென்டென்ஸ் வரை போக வேண்டும். அங்கே 1832 ஜூனில் 'ஈவினிங் அண்ட் த மார்னிங் ஸ்டார்' வெளிவந்தது. ஆசிரியர் டபிள்யூ. டபிள்யூ. ஃபெல்ப்ஸ், நியூயார்க் மாநிலத்தில் அரசியல் பத்திரிகை நடத்திப் பழகியவர். மாத இதழ், எட்டுப் பக்கம், இரண்டு பத்தி, ஆண்டுச் சந்தா ஒரு டாலர். ஸ்மித்துக்கு வந்த வெளிப்படுத்தல்கள் முதன்முதலாக அச்சேறியது இதில்தான். இங்கே ஒரு சான்று. தகடுகளோடு கிடைத்த இரண்டு கற்களைக் கொண்டு மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொல்லிவந்தார். மோர்மன் புத்தகம் அவற்றுக்கு 'பொருளுரைப்பான்கள்' என்ற பொருளில்தான் பெயர் தருகிறது. பழைய ஏற்பாட்டில் ஆசாரியனின் மார்பதக்கத்தில் வரும் ஊரீம், தும்மீம் என்பவையோடு அவற்றை இணைத்து 1833 ஜனவரி இதழில் எழுதினார் ஃபெல்ப்ஸ், அதுவும் ஒருவேளை இருக்கலாம் என்ற ஊகத் தொனியில். அடுத்த சில ஆண்டுகளில் அந்த 'ஒருவேளை' உதிர்ந்துவிட்டது. இன்று அது வேதத்திலேயே இருக்கும் பெயர். ஆசிரியரின் ஊகம் சபையின் நம்பிக்கையாக மாறியதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது அரிது. பல பழைய மதங்களில் இந்தக் கட்டம் எழுத்துக்கு முந்தைய இருட்டில் மறைந்துவிட்டது.

ஸ்டார் அச்சகம் ஒரு வருடத்துக்குச் சற்றே மேல்தான் நீடித்தது. அடிமை முறை நடைமுறையில் இருந்த மிசூரிக்குள் சுதந்திரக் கறுப்பர்கள் வருவது பற்றி 1833 ஜூலை இதழில் ஒரு கட்டுரை வந்தது. உள்ளூர் வெள்ளையர் அதை அழைப்பாகவே படித்தார்கள். ஜூலை 20 அன்று கும்பல் வந்து, கீழே ஃபெல்ப்ஸ் குடும்பம் குடியிருந்த, மேலே அச்சகம் இருந்த இரண்டடுக்குச் செங்கல் வீட்டைத் தரைமட்டமாக்கியது. அப்போது ஸ்மித்தின் வெளிப்படுத்தல்களைத் தொகுத்த 'கட்டளைகளின் புத்தகம்' அச்சில் இருந்தது. 160 பக்கம் முடிந்திருந்தது. பதினைந்து வயது மேரி எலிசபெத் ராலின்ஸும் தங்கை கரோலினும் தெருவில் சிதறிய தாள்களை அள்ளிக்கொண்டு ஓடிச் சோளக்காட்டில் மறைந்தார்கள். இன்று கைக்குக் கிடைக்கும் பிரதிகள் இப்படித் தப்பிய தாள்களைக் கட்டியவைதான். நடைபாதையில் ஒரு நினைவுப் பலகை தவிர அந்த வீட்டின் அடையாளம் எதுவும் அங்கே இல்லை. அன்று கட்டுவோம் என்று குறித்த ஆலயத்தின் நிலத்தைச் சுற்றி மூன்று வெவ்வேறு மோர்மன் பிரிவுகள் இன்று எதிரெதிரே கட்டடம் எழுப்பி உட்கார்ந்திருக்கின்றன.

கும்பல் அழித்ததைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதன் பிறகு சபையே செய்தது. கர்ட்லண்டில் கௌடரி ஸ்டாரைத் தொடர்ந்து நடத்தி முடித்தார். பிறகு 1835 முதல் பழைய இதழ்களையெல்லாம் மறுபதிப்பாகப் போட்டார். பிழைகளைத் திருத்துவதாகச் சொன்னார். திருத்தியது எழுத்துப் பிழைகளை மட்டுமல்ல. 1832 ஜூனில் வந்த முதல் இதழில் சபையின் அடிப்படை விதிகள் இருக்கின்றன. அதில் உயர் ஆசாரியர் நியமனம் பற்றிய வரிகள் கிடையாது. மறுபதிப்பில் அவை சேர்ந்திருக்கின்றன, மேலே அதே பழைய தேதியோடு. 1829-ல் ஸ்மித்துக்கு வந்த ஒரு வெளிப்படுத்தல், மொழிபெயர்க்கும் வரம் தவிர வேறு வரம் அவருக்குக் கிடையாது என்று 1833 தாள்களில் சொல்கிறது. 1835-ல் அச்சான வெளிப்படுத்தல் நூலில் அந்தக் கதவு திறந்து, அது முதல் வரம் மட்டுமே என்றாகிறது. மோர்மன் புத்தகத்தின் மூன்று சாட்சிகளில் ஒருவரான டேவிட் விட்மர் இதை மன்னிக்கவே இல்லை. 1887-ல் எழுதிய சிறு நூலில் கடவுள் சொன்னதை மனிதர் மாற்றிவிட்டார்கள் என்று சாடினார். சபையின் தரப்பில் ஒரு பதில் உண்டு: தீர்க்கதரிசி உயிரோடு இருக்கும்வரை வெளிப்படுத்தலும் உயிருள்ளது, கூடுதல் ஒளி வந்தால் வாசகம் வளர்வது இயல்பே. இறையியலாக அதில் தவறு காண எனக்கு வழியில்லை. வளர்ந்தது என்று சொல்லட்டும்; பழைய தேதியின் கீழ் புதிய வரியை வைத்தால்தான் சிக்கல். வளர்ச்சி என்று வாதிடுகிறவர்களுக்கே அந்த வளர்ச்சியின் சான்று தேவை. அந்தச் சான்று மிஞ்சியிருப்பது மறுபதிப்பில் அல்ல, கிழிந்து மங்கிய 1832 தாளில்.

'எல்டர்ஸ் ஜர்னல்' நான்கே இதழ்கள்: இரண்டு கர்ட்லண்டில், இரண்டு மிசூரியின் ஃபார் வெஸ்டில். 1838 இறுதியில் மோர்மன்கள் மிசூரியை விட்டுத் துரத்தப்பட்டபோது அச்சு இயந்திரத்தையும் ஈய எழுத்துகளையும் இரவோடிரவாக மண்ணில் புதைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு தோண்டி எடுத்து, மண்ணை உதறி, மிசிசிப்பிக் கரையில் நாவூவில் வைத்து 'டைம்ஸ் அண்ட் சீசன்ஸ்' தொடங்கினார்கள். நாவூ இன்று ஆற்று வளைவில் அமைந்த அமைதியான சிற்றூர். சீரமைத்த செங்கல் வீடுகளுக்கு நடுவே ஓர் அச்சகமும் உண்டு. எழுத்துப் பெட்டிகளையும் மை உருண்டைகளையும் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள். 1842-ல் சில மாதங்கள் ஸ்மித்தே இந்த இதழின் ஆசிரியர். அந்த ஒரே ஆண்டில் எவ்வளவு இறங்கியிருக்கிறது பாருங்கள்: மார்ச்சிலும் மே மாதத்திலும் எகிப்தியப் படங்களோடு ஆபிரகாமின் புத்தகம், மார்ச் முதல் தேதி, சிகாகோ பத்திரிகையாளர் ஜான் வென்ட்வொர்த் கேட்டதற்காக எழுதிய சுருக்க வரலாறும் பதின்மூன்று விசுவாசப் பிரமாணங்களும், பிறகு ஸ்மித்தின் வரலாறு தொடராக. ஒரு செய்தியாளருக்கு எழுதிய பதிலின் கடைசிப் பகுதி 1880-ல் வேதமாக ஏற்கப்பட்டு, இன்று மோர்மன் குழந்தைகள் மனப்பாடம் செய்வதாக இருக்கிறது. இலையுதிர் காலத்தில், ஸ்டீவன்ஸ், கேத்தர்வுட் என்ற பயணிகள் மத்திய அமெரிக்காவில் கண்ட இடிபாடுகளைப் பற்றிய புத்தகத்தை ஆதாரமாக வைத்து, மோர்மன் புத்தகத்து நகரங்கள் அங்கேதான் இருந்திருக்கும் என்று கையெழுத்தில்லாத கட்டுரைகள் வந்தன. ஏழு வருடம் முன்பு அதே புத்தகத்தின் இறுதிப் போரை நியூயார்க் குன்றில் வைத்து எழுதியிருந்தார் கௌடரி. இரண்டையும் ஒருசேர நம்ப வழிதேடும் விவாதம் இன்றும் ஓயவில்லை.

இப்போது மொரோனி. 1842 ஏப்ரல் 15 இதழில், 1823-ல் ஸ்மித்திடம் வந்த தேவதூதனின் பெயர் நேஃபி என்று அச்சாகியிருக்கிறது. பொறுப்பாசிரியர் ஸ்மித், திருத்தம் வரவில்லை. இங்கிலாந்து இதழ் 'மில்லினியல் ஸ்டார்' அப்படியே எடுத்துப் போட்டது. 1851 நூல் பதிப்பிலும் நேஃபிதான். பின்னர்தான் மொரோனி என்று திருத்தினார்கள். இதைக் கண்டதும் சிலர் துள்ளிக் குதிப்பார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1835 வெளிப்படுத்தல் நூலிலும் 1838 'எல்டர்ஸ் ஜர்ன'லிலும் மொரோனி என்றே இருக்கிறது. ஆகவே எழுத்தர் கைதவறியது என்ற விளக்கமே பொருத்தம். ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது: கோபுர உச்சியில் பொன்முலாம் பூசி ஏற்றும் அளவுக்கு இன்று முக்கியமான பெயர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தவறாகக் கிடந்தும் பெரிய கூச்சல் எழவில்லை. அன்றைய வாசகருக்குத் தூதனின் பெயரைவிடப் புத்தகமும், சீயோன் என்று அவர்கள் அழைத்த பரிசுத்த நகரில் ஒன்றுகூடுவதும் முக்கியம்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பும் நாவூவில்தான் காத்திருக்கிறது. இதழ்கள் பொய் சொன்னால்? சொல்லியிருக்கின்றன. 1842 அக்டோபர் முதல் தேதி 'டைம்ஸ் அண்ட் சீசன்ஸ்', ஒருவனுக்கு ஒருத்தி என்ற 1835 விதியை மறுபடி அச்சிட்டு, வேறு மண முறை எதுவும் தங்களுக்குத் தெரியாது என்று ஆண்களும் பெண்களும் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் சேர்த்தது. கையெழுத்திட்ட எலைசா ஸ்னோ அதே ஆண்டு ஜூனில் ஸ்மித்துக்கு இரகசியமாக மனைவியாகியிருந்தார். ஸ்மித்தின் பலதார மணங்களைத் திருச்சபையே 2014-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. உண்மையை வெளியே சொன்னது பிரிந்துபோனவர்கள் நடத்திய 'நாவூ எக்ஸ்பாஸிட்டர்'. 1844 ஜூன் 7-ல் வந்த ஒரே இதழ். மூன்றாம் நாள், மேயராக இருந்த ஸ்மித்தின் உத்தரவுப்படி அதன் அச்சகம் உடைக்கப்பட்டது. மிசூரியில் தங்கள் அச்சகம் உடைந்ததைப் பத்து வருடமாக முறையிட்டு வந்தவர்கள் செய்த காரியம் இது. அந்த வழக்கில் கார்த்தேஜ் சிறைக்குப் போன ஸ்மித் ஜூன் 27-ல் கும்பலின் துப்பாக்கிக்கு இரையானார். ஆக, இதழ்கள் சபையின் உள்ளத்தைக் காட்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த நாளில் எதைச் சபை பொதுவில் சொல்லத் துணிந்தது, எதை மறுத்தது என்பதைக் காட்டும். மறுப்பும் ஒரு சான்றுதான். தேதியோடு கிடைக்கும் மறுப்பு, பின்னாளில் எழுதும் நினைவுக் குறிப்பைவிட நேர்மையான சான்று.

ஸ்மித்தின் மரணத்துக்குப் பின் இந்தச் சமூகம் மேற்கே குடிபெயர்ந்து சேர்ந்த சால்ட் லேக் சிட்டியில், ஆலயச் சதுக்கத்தின் மேற்கே உள்ள அருங்காட்சியகத்தில் கிராண்டினின் அச்சு இயந்திரம் இருக்கிறது. சற்றுத் தள்ளி 2009-ல் திறந்த வரலாற்று நூலகம். அச்சேறிய எல்லாமே நிலைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கும் அங்கே சாட்சி உண்டு. ஆதாமே நம் பிதா, நம் தேவன் என்று, ஸ்மித்துக்கு அடுத்துத் தலைவரான பிரிகம் யங் 1852 ஏப்ரலில் செய்த பிரசங்கம் இங்கிலாந்தில் மில்லினியல் ஸ்டாரிலும் பிரசங்கத் தொகுப்பிலும் வெளிவந்து, அதை விசுவாசிகள் படித்தார்கள். 1976-ல் திருச்சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் அந்தக் கருத்தைப் பொய்ப் போதனை என்று ஒதுக்கினார். ஃபெல்ப்ஸின் ஊகம் வேதமானது. தீர்க்கதரிசியின் பிரசங்கம் ஒதுங்கியது. இதழில் வந்ததில் எது தங்கும், எது உதிரும் என்பதை எழுதியவர் தீர்மானிக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் தீர்மானித்தார்கள்.

இந்த வரிசைக் கதைக்கு சென்னையிலும் ஒரு கிளை உண்டு. பலதார மணத்தை முதன்முதலாகப் பகிரங்கமாக அறிவித்தது 1852 ஆகஸ்ட் 29 அன்று சால்ட் லேக்கில். இந்தியாவுக்குப் போக ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தது அதே மாநாட்டில், அதற்கு முந்திய நாள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் 1853-ல் சென்னைக்கு வந்தார். 1854-ல் இங்கே ஆங்கிலத்தில் 'மில்லினியல் ஸ்டார் அண்ட் மன்த்லி விசிட்டர்' என்ற இதழை அச்சிட்டார். நாவூ வாசகருக்குப் பத்து ஆண்டு மறைத்து வைத்த கொள்கையைப் பற்றி சென்னையில் அவரிடம் ஆரம்பத்திலேயே கேட்டார்கள். பதில் சொல்லாமல் தப்ப வழியில்லை. பெரிதாகச் சபை எதுவும் இங்கே திரளவில்லை. ஸ்டார் முதல் டைம்ஸ் அண்ட் சீசன்ஸ் வரை பழைய இதழ்கள் பெரும்பாலும் இன்று இணையத்தில் இலவசமாகப் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. ஜோசப் ஸ்மித்தின் கையெழுத்துப் பிரதிகளும் 2023-ல் நிறைவடைந்த ஆவணத் திட்டத்தின் வழியாக அப்படியே. பல்மைராவுக்குப் பயணம் போடுகிறவர்கள் கர்ட்லண்டில் கௌடரி எழுதிய அந்த எட்டுக் கடிதங்களையாவது முதலில் படித்துவிட்டுப் போங்கள். தோப்பில் வழிகாட்டி சொல்லும்போது எது எப்போது அச்சுக்கு வந்தது என்று கேட்கத் தெரியும்.